காவற்கூலியும் கணக்குக் கேளா மன்றமும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்றொரு வரி பலவிடத்தும் காணப்படும். பாடி என்பது குடியிருப்பு. அதனைக் காத்தற்பொருட்டு ஊரார் இறுத்த பொருளே பாடிகாவல். பிற்காலத்தில் பாளையக்காரர் கையில் அதுவே தலக்காவல் என்றும் திசைக்காவல் என்றும் இரண்டாகக் கிளைத்தது. களவுபோன பொருளை மீட்டுத் தரமாட்டாத காவற்காரன் அதன் ஈட்டைத் தானே தருதல் வேண்டும் என்பது அம்முறையின் கட்டு. அதில் கொடுமை இல்லாமலில்லை. காவற்கூலி என்னும் பெயரால் கொள்ளையடித்த பாளையக்காரரும் இருந்தனர். ஆயினும், காசு கொடுத்தவன் கணக்குக் கேட்கலாம் என்னும் நெறி ஒன்று அதன் அடியில் கிடந்தது.

அந்நெறியை அறுத்தவன் வெள்ளையன். 1799-இல் கட்டபொம்மனும் 1801-இல் மருதிருவரும் தூக்கிலேற்றப்பட்ட பின்னர்க் கும்பனியார் பாளையங்களின் காவலுரிமையைப் பறித்தனர். 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறைப்படி வரி தண்டும் அதிகாரியே காவல் அதிகாரியும் ஆனான். வரி கொடாதவனை அடிப்பதற்கும் கள்வனை அடிப்பதற்கும் ஒரே ஆள், ஒரே தடி! உழவனை வளைத்துக் கட்டிக் குனிய வைக்கும் ‘அண்ணாந்தாளும்’, விரலை இடுக்கி நெரிக்கும் ‘கிட்டியும்’ 1855-இல் வெளிவந்த சென்னை மாகாண வதை உசாவற்குழுவின் ஆங்கில அறிக்கையிலே தமிழ்ப் பெயருடனேயே ஏறின. தமிழ்ச்சொல் அயலார் ஏட்டில் ஏறுவதற்கு அப்படியும் ஒரு வழி இருந்தது! அவ்வறிக்கையை அடுத்து 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் காவல், வரித்தண்டலினின்று பிரிந்து தனிப்படையாயிற்று. இந்தியாவுக்குப் பொதுவான காவற்சட்டம் வந்தது அதற்கு ஈராண்டுகள் கழித்து, 1861-இல்.

தனிப்படை எனின் தனிச்செலவும் உண்டு. அச்செலவுக்கு இசைவு தருபவர் யார்? நெடுங்காலம் அவ்வினாவுக்கு விடை ஆளுநன் என்பதே. 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இரட்டையாட்சியில் கல்வியும் மருத்துவமும் மக்கள்சார் அமைச்சர்க்கு விடப்பட்டன. காவலோ ஆளுநனின் ஆட்சிக்குழுவுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டது. காவற்செலவை மன்றம் மறுத்தாலும், ‘இது இன்றியமையாதது’ என்று ஆளுநன் ஒரு சான்றிதழ் எழுதி அப்பணத்தை எடுத்துக்கொள்ளலாம். 1924-இல் நடு மாகாணச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த தன்னாட்சிக் கட்சியினர் செலவுக்கான வேண்டுகைகளைத் தள்ளிக் காட்டினர். ஒதுக்கிய துறைகளுக்கு ஆளுநன் சான்றிதழ் எழுதினான், ஆட்சி நடந்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கதவை முற்ற மூடவில்லை. தன் சிறப்புப் பொறுப்புக்கு இடையூறு நேரும் என்று கருதின், மன்றம் வெட்டிய தொகையை ஆளுநன் திரும்பச் சேர்க்கலாம் என்று அதன் 80-ஆம் பிரிவு கூறிற்று. மறைவாகச் செய்தி தருவோர் யாரென்பதை அமைச்சருக்கும் அறிவியாமல் காவற்படை காக்க 58-ஆம் பிரிவு வழிசெய்தது.

இவ்வளவையும் கூறியது பழங்கதை பேசுதற்கன்று. 1950-இல் வந்த அரசமைப்புச் சட்டம் ஆளுநரிடமிருந்து அச்சான்றிதழைப் பிடுங்கிவிட்டது. அதன் 203-ஆம் உறுப்பு, ஒரு செலவுக்கு இசையவும், இசைய மறுக்கவும், தொகையைக் குறைத்து இசையவும் சட்டமன்றத்திற்கு உரிமை உண்டு என்கின்றது. மறுத்ததை மீட்டுத்தர எவரும் இல்லை. காவல்துறையோ ஏழாம் இணைப்பின் மாநிலப் பட்டியலில் 2-ஆம் பதிவு. தொடர்வண்டிக் காவலும் ஊர்க்காவலும் அதனுள் அடக்கம். ஆக, வெள்ளையன் காலத்து மன்றத்தினர் வெறுங்கையோடு மறுத்தனர். இன்றைய மன்றத்தினர் முழு உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஆம்’ என்கின்றனர். இது யாங்ஙனம் நேர்ந்தது?

பணம் வழங்கப்பெறும் முறையை முதலில் காணல் வேண்டும். ஆண்டுதோறும் முன்பனிக்கு முன்னரே மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகங்களிலிருந்து, பணியிடம் இத்தனை, ஊதியம் இத்துணை என்னும் எண்ணிக்கை அறிக்கைகள் மேலேறத் தொடங்கும். அவை காவல் தலைமை இயக்குநர் வழியாக உள்துறைக்கும், அங்கிருந்து பொருளமைச்சரின் துறைக்கும் செல்லும். உண்மையான வெட்டும் கூட்டலும் நடைபெறுவது அங்கேதான். அவ்வறையில் மக்கள் பேராளர் எவரும் இரார். பின்னர் ஆண்டு வரவுசெலவு அறிக்கை 202-ஆம் உறுப்பின்படி அவையில் வைக்கப்பெறும். பொதுப்பேச்சு நிகழும். அதன்பின் துறைதோறும் ‘மானியக் கோரிக்கை’ வரும். தமிழ்நாட்டில் காவல்துறைக்குரியது 22-ஆம் எண். நல்கை வேண்டுகை என்று தமிழில் கூறத்தக்க இதனை மானியம் என்று வடசொல்லால் வழங்குவதிலும் ஒரு பொருத்தம் உண்டு. மானியம் எனின் ஊரார் அறிந்த பொருள், கொடுத்தபின் வரியும் கணக்கும் கேளாத இறையிலி நிலம் என்பதே. அப்பொருளே அவையிலும் நிலைத்துவிட்டது போலும்!

2021-22-ஆம் ஆண்டின் திருத்திய திட்டத்தில் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு ஏறத்தாழ 8,930 கோடி உருபா ஒதுக்கப்பெற்றது. 2022-23-இல் 10,285 கோடி. நாளொன்றுக்கு 28 கோடிக்குமேல். இத்தொகையின் மீது அவை பேசுவது ஆண்டில் ஓரிரு நாள். அவ்வோரிரு நாளிலும் தொகையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆளுங்கட்சியினர் வாழ்த்துகின்றனர். எதிர்க்கட்சியினர் அவ்வாண்டு நிகழ்ந்த கொலைகளையும் கொள்ளைகளையும் அடுக்குகின்றனர். முன்னைய ஆட்சியில் எத்தனை கொலை, இன்றைய ஆட்சியில் எத்தனை என்று பிணக்கணக்கு எண்ணப்படுகின்றது. காவல்துறையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வது முதலமைச்சர்க்குப் பல பதிற்றாண்டுகளாக வழக்கமாதலின், விடையளிப்பவரும் அவரே. அவர்முன் அவர் கட்சி உறுப்பினர் கணக்குக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது மிகை.

விடையுரையின் இறுதியில் புதிய அறிவிப்புகள் வரும்: இங்கொரு நிலையம், அங்கொரு குடியிருப்பு, இன்னின்னார்க்கு இத்துணைப் படி. மேசை தட்டும் ஒலி எழும். அவ்வறிவிப்புகளுக்குரிய பணம் வாக்கெடுப்புக்கு விடப்படும் தொகையில் முன்னரே உள்ளதா என்பதை எவரும் வினவுவதில்லை. இல்லாதவற்றுக்கு ஆண்டின் நடுவில் துணை மதிப்பீடு வரும். புதுப்பணி என்னும் பெயரில் அடையாளத் தொகையாகச் சில நூறோ ஆயிரமோ கேட்கப்படும். எஞ்சியது வேறு தலைப்பில் மிஞ்சிய பணத்திலிருந்து மாற்றிக்கொள்ளப்படும். அவை கைதட்டிய நாளில் பணம் இல்லை. பணம் வந்த நாளில் அவையோர்க்கு அஃது எதற்கென்பதே நினைவில் இல்லை.

மறுக்கும் உரிமைக்கு வெளித்தளையும் உண்டு. செலவு வேண்டுகை எதுவும் ஆளுநரின் பரிந்துரையின்றி வரலாகாது. அஃதாவது அமைச்சரவையே கேட்கலாம், உறுப்பினர் கேட்டல் இயலாது. தம் தொகுதியில் நிலையக் கட்டடம் இடிந்து கிடப்பினும், தொகையைக் கூட்டுக என்று ஓர் உறுப்பினர் முன்மொழிய வழியில்லை. குறைக்க மட்டுமே முன்மொழியலாம். கொள்கையையே எதிர்ப்பின் தொகையை ஓர் உருபாவாக்குக என்றும், வீண்செலவென்று கருதின் இன்ன தொகையைக் கழிக்க என்றும், குறையொன்றைச் சுட்டுதற்கு நூறு உருபாவைக் குறைக்க என்றும் மூவகை வெட்டுகள் நாடாளும் அவைகளின் மரபில் உள. ஆயின் வெட்டு வென்றால் ஆட்சி நம்பிக்கை இழந்ததாகும் என்பதும் மரபு. இதன்மேல் 1985-இல் 52-ஆம் திருத்தத்தால் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாம் இணைப்பு வந்து சேர்ந்தது. கொறடாவின் கட்டளையை மீறி ஓர் உறுப்பினர் நூறு உருபா வெட்டுக்கு வாக்களிப்பாராயின் அவரது இருக்கையே பறிபோகலாம். கட்சி மாறிகளைத் தடுக்கச் செய்த சட்டம், கணக்குக் கேட்பாரின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டது. இனி 203-ஆம் உறுப்பு தரும் உரிமை ஏட்டில் உள்ளது, நாவில் இல்லை.

மன்றமே இல்லாத ஆண்டுகளும் உண்டு. 1976 சனவரி 31-இல் தமிழ்நாட்டு அமைச்சரவை கலைக்கப்பட்டது. 1977-இல் தேர்தல் நடந்து புதிய அரசு அமையும் வரை தமிழ்நாட்டுக் காவலர் ஊதியத்துக்கும் தில்லி நாடாளுமன்றமே இசைவளித்தது. 1988-இலும் அதுவே நிகழ்ந்தது. மாநிலப் பட்டியலில் உள்ள துறைக்கு மாநிலச் சட்டமன்றத்தின் வாக்கின்றிப் பணம் வழங்கப்பெற்றது! அந்த 1976-ஆம் ஆண்டில்தான் 42-ஆம் திருத்தம் நடுவண் பட்டியலில் ‘2அ’ என்னும் பதிவைச் செருகி, நடுவணரசின் ஆயுதப்படையை மாநிலத்துக்குள் இறக்கும் அதிகாரத்தைத் தில்லிக்கு எழுதித் தந்தது. அப்படை வந்து நின்றமைக்கு மாநிலத்தினிடமே கூலி கேட்பது நடுவணரசின் வழக்கம். காவற்படையைப் புதுக்குதற்கென 1969-70 முதல் நடைபெறும் திட்டத்திலும் பெரும்பாலான மாநிலங்களுக்குத் தில்லியின் பங்கு நூற்றுக்கு 60, மாநிலப் பங்கு 40. அறுபது தருபவரே எதை வாங்க வேண்டும் என்பதையும் வகுப்பர். இந்த 40-க்கு இசைவளிக்கும் மன்றம், அந்த 60-இன் கட்டுப்பாடுகள் யாவை என்று எப்போதேனும் ஆராய்ந்ததுண்டா?

தொகையின் உள்ளடக்கத்திற்கு வருவோர் இன்னொன்றைக் காண்பர். 22-ஆம் வேண்டுகை காட்டுவது காவலின் முழுவிலையன்று. ஓய்வுபெற்ற காவலரின் ஓய்வூதியம் 50-ஆம் வேண்டுகையில், ஏனைத் துறையினரின் ஓய்வூதியத்தோடு கலந்து கிடக்கின்றது. சிறைத்துறைக்கு வேறு வேண்டுகை. கணக்குத் தலைப்பில் 2055 என்பது நடைமுறைச் செலவு. 4055 என்பது கட்டடம் முதலிய முதலீடு. 2055-ஐப் பிரித்துப் பார்ப்பின் மாவட்டக் காவல், சிறப்புக் காவற்படை, குற்றப் புலனாய்வு, பயிற்சி, நலன், தடய அறிவியல் எனச் சிற்றறைகள் பல. அவற்றுள் பெரும்பகுதியை விழுங்குவது ஊதியம். அதனைக் குறை சொல்லல் ஆகாது, ஊதியமின்றிக் காவலில்லை. ஆனால் அவ்வூதியத்துக்குரிய ஆள் எங்கே நிற்கின்றான் என்பதைக் கேட்கலாமன்றோ?

உயரதிகாரிகளின் வீட்டில் காவலரை எடுபிடிகளாக வைத்துக்கொள்ளும் ‘ஆர்டர்லி’ முறை தமிழ்நாட்டில் 1979-இலேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. 2022-இல் சென்னை உயர் முறைமன்றம் அம்முறை இன்னும் சாகவில்லை என்று கண்டு கடிந்துகொண்டது. இடைப்பட்ட 43 ஆண்டுகளில் எண்ணிக்கை அறிக்கைகள் எத்தனை மேலேறியிருக்கும்! அவற்றில் எல்லாம் அவன் காவலனே. தெருக்காக்கப் பணமளித்த மன்றத்தின் ஏட்டில், தெருவில் நிற்பவனே. உண்மையில் அவன் ஒரு வீட்டில் நாயைக் குளிப்பாட்டிக் கொண்டிருந்தான் என்பதை மன்றம் கண்டுபிடிக்கவில்லை. முறைமன்றம் கண்டுபிடித்தது. பணம் கொடுத்தவர் கேட்க வேண்டிய கேள்வியை வழக்குத் தீர்ப்பவர் கேட்கும்படி ஆயிற்று.

ஊதியம் போக எஞ்சும் சிறுபகுதியில்தான் குடிமகனின் முதுகு இருக்கின்றது. நிலையத்து வண்டிக்கு எரிநெய், முறையீட்டை எழுதத் தாள், பிணத்தை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் கூலி, பிடிபட்டவனுக்கு ஒருவேளைச் சோறு ஆகிய இவையெல்லாம் சில்லறைச் செலவு என்னும் தலைப்பில் அடங்கும். அது போதாதாயின் என்ன நேரும் என்பது காவல் நிலையப் படியேறிய எவர்க்கும் தெரியும். களவு கொடுத்தவனே தாள் வாங்கி வருகின்றான். அவனே வாடகை வண்டி பிடிக்கின்றான். ஆய்வாளர் ஊரிலுள்ள வணிகரிடம் ‘உதவி’ கேட்கின்றார். உதவியவர்க்கு நாளை ஓர் உதவி வேண்டியிருக்கும். கையூட்டு என்னும் மரத்தின் ஆணிவேர் ஒன்று, மன்றத்தில் எவரும் படியாத இந்தச் சிறிய தலைப்பிலேதான் ஊன்றியிருக்கின்றது. நூறு உருபா வெட்டு முன்மொழிந்து நாள்முழுதும் பேசத்தக்க பொருள் இது. பிணக்கணக்கைக் காட்டிலும் இதில் ஊருக்கு நன்மை மிகுதி.

மறைச்செலவு என்றொன்று உண்டு. செய்தி கொணர்வார்க்கு அளிக்கும் பணம் அது. அதற்குப் பற்றுச்சீட்டைக் கணக்காய்வாளர் காண்பதில்லை. உரிய அதிகாரி தரும் சான்றிதழோடு அமைவர். ஆளுநனின் சான்றிதழ் ஒழிந்தும், இந்தச் சான்றிதழ் ஒழியவில்லை. மறைப்பு வேண்டிய இடம் உண்டென்பதை மறுக்க வேண்டா. எனினும் அத்தொகை ஆண்டுதோறும் ஏன் ஏறுகின்றது அல்லது இறங்குகின்றது என்று ஏற்ற இறக்கத்தை மட்டுமேனும் வினவினால் எந்த ஒற்றனின் பெயரும் வெளிப்படாது.

தொகையை மட்டும் கூட்டுவது போதும் என்பாரும் உளர். அவர் சாத்தான்குளத்தை எண்ணுக. 2020 சூன் திங்களில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடை திறந்திருந்தது என்று பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து மாண்டனர். அந்நிலையத்தில் கண்காணிப்புப் படக்கருவிகள் இருந்தன. மக்கள் பணத்தில் வாங்கியவை. உசாவச் சென்ற குற்றவியல் நடுவர் கண்டதென்ன? பதிவைத் தேக்கி வைக்கப் போதிய இடம் கருவியில் இருந்தும், அன்றன்றைய பதிவு தானே அழிந்துபோகுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது! பணம் ஒதுக்கப்பட்டது, கருவி வாங்கப்பட்டது, கணக்கும் சரியாகவே இருந்திருக்கும். கண் இருந்தது, பார்வைதான் இல்லை. அவ்வாண்டு திசம்பர் 2-இல் உச்ச முறைமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் படக்கருவி வேண்டும், பதிவு 18 திங்கள் காக்கப்படல் வேண்டும், அத்துணைக் கொள்ளளவு கிடையாதெனின் ஓராண்டேனும் காத்தல் வேண்டும், அதற்கு மாநிலங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அவ்வொதுக்கீட்டை மன்றத்தில் கேட்ட நாளில், ‘முன்னே வாங்கிய கருவிகள் எத்தனை நிலையங்களில் பதிவைக் காக்கின்றன?’ என்பதன்றோ முதல் வினாவாதல் வேண்டும்?

செலவான பின்னர் ஆராயப் பொதுக் கணக்குக் குழு இருக்கின்றதே எனலாம். இருக்கின்றது. கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை வந்து, குழு கூடி, துறை விடையெழுதி முடிவதற்குள் ஆண்டுகள் சில ஓடிவிடும், அதிகாரிகள் ஓய்வு பெற்றிருப்பர், ஆட்சியும் மாறியிருக்கும். அடுப்பு அணைந்தபின் உப்புப் பார்க்கும் வேலை அது. வேண்டுவது, வாக்கெடுப்புக்கு முன்னர் ஆராயும் குழு. கேரளச் சட்டமன்றம் 1980-இலேயே துறைவாரிக் குழுக்களை ஏற்படுத்திற்று. வேண்டுகைகள் அக்குழுக்களின் ஆய்வுக்குச் சென்று மீள்கின்றன. நாடாளுமன்றம் 1993-இல் அவ்வழியில் வந்தது. குழுவறையில் செய்தியாளர் இரார். மேசை தட்டுவோர் இரார். கொறடாவின் கட்டளைக்கும் அங்கு வேலை குறைவு. ஆளுங்கட்சி உறுப்பினரும் அங்கே தலைமை இயக்குநரை நேரே நோக்கி, ‘என் தொகுதி நிலையத்துக்கு எரிநெய்ச் செலவு திங்களுக்கு எவ்வளவு? எத்தனை நாளில் தீர்ந்துபோகின்றது?’ என்று கேட்கலாம். கேரளக் காவலர் இதனால் எல்லாம் தூயராய்விட்டனர் என்று எவரும் கூறார். கேட்பதற்கு ஓர் இடம் அங்கு உண்டு என்பதே இங்குச் சொல்லத்தக்கது.

குழு அமைந்தாலும், விரிவான மதிப்பீட்டு ஏடுகள் எளிய தமிழில் உறுப்பினர் கைக்கு உரிய காலத்தில் வாராவிடின் பயனில்லை. கொள்கைக் குறிப்பேடு பேச்சு நடைபெறும் நாளிலேயே கைக்கு வருமாயின், அதைப் படித்து வினா எழுப்புவது எப்போது? பத்து நாள் முன்னரேனும் அது வந்து சேர்தல் வேண்டும். அதில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒதுக்கிய பணியிடம், நிரம்பியது, நிலையத்தில் நிற்பது, வேற்றுப்பணிக்கு அனுப்பியது என நான்கு எண்கள் இருந்தால் போதும். 43 ஆண்டுகள் மறைந்து கிடந்தது ஒரு பக்கத்தில் வெளிப்பட்டுவிடும்.

இவற்றுக்கு அரசமைப்பைத் திருத்த வேண்டா; தில்லியின் இசைவும் வேண்டா. தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையை 208-ஆம் உறுப்பு சட்டமன்றத்திற்கே தந்துள்ளது. விதிக்குழு கூடி ஒரு விதியைச் சேர்த்தால், அடுத்த ஆண்டின் 22-ஆம் வேண்டுகையே குழுவறை வழியாக அவைக்கு வரலாம்.